பக்கவாட்டிலா, பின்னாலிருந்தா? அதற்கு முன்னால் ஒரு ஊசி

கேள்வி: எனக்கு 46 வயது. கரூர் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆறு வருடம் முன்னால் கீழ் முதுகில் எல்4-எல்5, எல்5-எஸ்1 இரண்டு இடத்திலும் ஸ்க்ரூ போட்டு முதுகெலும்பை இணைத்தார்கள். அதோடு கால் வலி போய்விட்டது. ஆனால் இரண்டு வருடமாக வலது புட்டத்தின் மேல்பக்கம், ஒரே இடத்தில் வலி. நாற்காலியிலிருந்து எழுந்தால் குத்துகிறது, படியேறினால் குத்துகிறது, வலது பக்கம் திரும்பிப் படுக்கவே முடியவில்லை. எலும்பு மருத்துவர் ஒருவர், எஸ்ஐ மூட்டுதான் காரணம், பக்கவாட்டிலிருந்து மூன்று டைட்டானியம் கம்பி வைத்து இணைத்துவிடலாம் என்கிறார். வலி மருத்துவர் ஒருவர், பின்பக்கம் சின்னத் துளை போட்டு எலும்புத் துண்டு ஒன்றைச் சொருகினால் போதும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்கிறார். ஹூஸ்டனில் இருக்கும் தம்பியும் ‘இங்கே இப்போ அதைத்தான் செய்றாங்க’ என்கிறான். என் வீட்டுக்காரரோ, செய்வதானால் திறந்து ஒழுங்காகச் செய்யட்டும், அரைகுறை வேண்டாம் என்கிறார். எது நல்லது? சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். பள்ளிக்கு ஸ்கூட்டியில்தான் போகிறேன், மறுபடி ஓட்ட முடியுமா?

பதில்:

டீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்று பேர் சொன்ன மூன்று வழியும் அதில் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: அந்த மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தை ஊசியில் போட்டுப் பார்த்தார்களா, போட்டார்கள் என்றால் வலி எவ்வளவு குறைந்தது? நீங்கள் எழுத மறந்தீர்களா, இல்லை யாருமே செய்யவில்லையா என்று தெரியவில்லை. செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏனென்றால் எந்தப் பக்கமாகப் போவது என்பது இரண்டாவது கேள்வி. இந்த மூட்டுதான் வலிக்கிறதா என்பது முதல் கேள்வி, அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

எஸ்ஐ மூட்டு என்பது முதுகெலும்பின் அடியில் இருக்கும் முக்கோண எலும்பும், இரண்டு பக்கத்து இடுப்பெலும்பும் சேரும் இடம். முழங்கால் மாதிரி மடங்குகிற மூட்டு இல்லை. மொத்த அசைவே இரண்டு முதல் நான்கு டிகிரிதான், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகரும். உடம்பின் மேல்பாரத்தை இரண்டு காலுக்கும் பிரித்துக் கொடுக்கிற வேலை அதற்கு. நாள்பட்ட இடுப்பு வலியோடு வருகிறவர்களில் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து முப்பது பேர் வரை இந்த மூட்டினால் கஷ்டப்படுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் மாதிரி ஏற்கெனவே கீழ் முதுகை இணைத்தவர்களிடம் சந்தேகம் இன்னும் வலுக்கும். மேலே இரண்டு கணுக்கள் அசையாமல் போனதால், அவை தாங்கிய அசைவு கீழே இருக்கிற மூட்டுக்கு வந்து சேர்கிறது. கொரியாவில் 2008-இல் வந்த ஓர் ஆய்வில், முதுகை இணைத்து ஐந்து வருடம் ஆனவர்களின் சிடி ஸ்கேனில் முக்கால்வாசிப் பேருக்கு எஸ்ஐ மூட்டு தேய்ந்திருந்தது, இணைக்காதவர்களில் அது ஐந்தில் இரண்டு பேருக்குத்தான். ஆனால் அந்த ஐந்தில் இரண்டு பேரையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒன்றும் செய்யாதவர்களுக்கே ஸ்கேனில் தேய்மானம் தெரிகிறது. ஆக, ரிப்போர்ட்டில் ‘எஸ்ஐ மூட்டுத் தேய்மானம்’ என்று ஒரு வரி இருந்தாலே வலி அதிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்ட முடியாது.

உங்கள் வர்ணனை எனக்குப் பிடித்திருக்கிறது, ‘ஒரே இடத்தில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூட்டு வலி உள்ளவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால், இடுப்பு முழுவதையும் உள்ளங்கையால் தடவிக் காட்ட மாட்டார், ஒரு விரலை வைத்து இடுப்புக் குழிக்குப் பக்கத்திலேயே காட்டுவார். அது நல்ல அறிகுறி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அடுத்து ஐந்து சோதனைகள் உண்டு: மல்லாந்து படுக்க வைத்து மடக்கிய தொடையைக் கீழே அழுத்துவது, ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு இன்னொன்றை நெஞ்சோடு சேர்ப்பது, ஒருக்களித்துப் படுக்க வைத்து இடுப்பெலும்பை மேலிருந்து அமுக்குவது, இப்படி. ஐந்தில் குறைந்தது மூன்று உங்களுடைய அதே வலியைக் கிளப்ப வேண்டும். ‘அதே வலி’ என்பதுதான் முக்கியம். யாரை அமுக்கினாலும் ஏதோ வலிக்கத்தான் செய்யும்.

சரி, ஊசிக்கு வருவோம். இது எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே போடுகிற ஊசியாக இருக்க வேண்டும், அல்லது சிடி பார்த்து. கையால் தடவிப் பார்த்து ‘இங்கேதான்’ என்று குத்தினால் மூட்டுக்குள் போவது ஐந்தில் ஒன்று, அவ்வளவுதான். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். குப்புறப் படுக்கச் சொல்வார்கள், மூட்டின் கீழ்முனையில் ஊசியை இறக்கி முதலில் சாய மருந்து ஒரு சொட்டு விடுவார்கள், அது மூட்டின் இடுக்கோடு மெல்லிய கோடாக ஓடுவது திரையில் தெரியும். அந்தக் கோடு தெரிந்த பிறகுதான் மரத்துப்போகும் மருந்து. மூட்டு கொள்வதே ஒன்றரை மில்லி அளவுதான், அதனால் ஐந்து மில்லி பத்து மில்லி என்று ஊற்றினால் அது வெளியே கசிந்து பக்கத்து நரம்புகளையும் மரக்கச் செய்து ஊரையே ஏமாற்றிவிடும்.

அன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை டாக்டர் செய்ய முடியாது. பள்ளியில் தரும் கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசிக்கு முன்னால் வலி பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். போட்ட பிறகு படுத்து ஓய்வெடுக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு அதுதான். வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டு, மறுநாள் வந்து ‘கொஞ்சம் பரவாயில்லை மாதிரி இருந்தது டாக்டர்’ என்பார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஏறுங்கள், இறங்குங்கள், தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள், வலது பக்கமாகப் படுத்துப் பாருங்கள். அரை மணிக்கு ஒரு தடவை, நான்கைந்து மணி நேரம், எண்ணை எழுதுங்கள். எட்டு இருந்தது இரண்டு ஆனால் இந்த மூட்டுதான். எட்டு ஆறு ஆனால் இந்த மூட்டு அல்ல, அல்லது இது மட்டும் அல்ல. குறைந்தது பாதியாவது குறைய வேண்டும் என்பது பொது வழக்கம். கத்தி எடுப்பதற்கு முன்னால் முக்கால்வாசி குறைய வேண்டும் என்று நான் கேட்பேன். ஒரே ஊசியின் முடிவை நம்பினால் ஐந்தில் ஒருவர் அளவுக்காவது தவறாகத் தேறிவிடுகிறார்கள், அதனால் சில வாரம் விட்டு இன்னொரு தடவை போட்டு, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். ஸ்டீராய்டு சேர்த்துப் போடுவார்கள் என்றால் சர்க்கரை சில நாள் ஏறும், முன்கூட்டியே உங்கள் சர்க்கரை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இதே இடத்தில் வலியைக் கொடுக்கக்கூடிய வேறு ஆட்களையும் விசாரிக்க வேண்டும். முதல் ஆள் உங்கள் பழைய அறுவைதான். எல்5-எஸ்1 எலும்பு ஒட்டியிருக்கிறதா, எஸ்1 ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று மெல்லிய வெட்டுகளாக எடுத்த சிடியில் பார்க்க வேண்டும். ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் கதையே வேறு. அடுத்தது இடுப்பு மூட்டு, அது பெரும்பாலும் கவட்டையில் வலிக்கும். புட்டத்தின் பக்கவாட்டுத் தசைநார் வீங்கினாலும் அந்தப் பக்கம் படுக்க முடியாது. காலையில் எழுந்தவுடன் அரை மணிக்கு மேல் இறுக்கம் இருந்து, நடக்க நடக்கச் சரியாகிறது என்றால் அது முடக்குவாதக் குடும்பத்து முதுகு நோய், அதற்கு மாத்திரையும் ஊசியும்தான், கம்பி இல்லை. அப்புறம், நம் ஊரில் காசநோயை மறக்கவே கூடாது. ஒரு பக்க எஸ்ஐ மூட்டு மட்டும் வலித்து, இரவில் கூடி, லேசாக எடை குறைந்து, இஎஸ்ஆர் என்ற ரத்தச் சோதனை அளவு ஏறியிருந்தால் எம்ஆர்ஐ எடுக்காமல் யாரும் அந்த மூட்டைத் தொடக்கூடாது. உங்களுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. இருக்கும் என்று சொல்லவில்லை, இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன்.

பிசியோ, பெல்ட் எல்லாம் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். நடுவில் ஒரு படி இருக்கிறது, அதை உங்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை: மூட்டின் பின்பக்கத்துக்கு வரும் சின்ன நரம்புக் கிளைகளை ரேடியோ அலைச் சூட்டினால் செயலிழக்கச் செய்வது. நரம்பு திரும்ப வளர்ந்துவிடும், ஆறு மாதம் ஒரு வருடம் என்று நிவாரணம் கிடைக்கும், பிறகு மறுபடி செய்யலாம். மூட்டின் முன்பக்க வலிக்கு அது எட்டாது. ஆனாலும் எலும்பில் எதையும் விட்டுவைக்காத வழி என்பதால், உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தால் இதை முதலில் செய்து பார்க்கச் சொல்வேன்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. உங்கள் வீட்டுக்காரர் சொன்ன திறந்த அறுவையிலிருந்து ஆரம்பிக்கிறேன், வயதில் மூத்தது அதுதான். பாஸ்டனில் வேலை செய்த ஸ்மித்-பீட்டர்சன் என்ற நார்வேக்காரர் 1921-இல் இதை எழுதி வைத்தார். புட்டத்துத் தசையை எலும்பிலிருந்து உரித்து ஒதுக்கி, இடுப்பெலும்பில் ஜன்னல் மாதிரி ஒரு சதுரத்தை வெட்டி எடுத்து, உள்ளே தெரிகிற குருத்தெலும்பைச் சுரண்டி, வெட்டிய துண்டையே திரும்ப உள்ளே அடித்து இறக்குவது. அந்தக் காலத்தில் இடுப்பு வலி என்றாலே எஸ்ஐ மூட்டுதான் குற்றவாளி. 1934-இல் மிக்ஸ்டர், பார் என்ற இருவர் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதை விவரித்த பிறகு எல்லோரும் டிஸ்க் பின்னால் ஓடினார்கள், இந்த மூட்டை ஐம்பது அறுபது வருடம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. (மருத்துவத்திலும் பேஷன் உண்டு, டீச்சர்.)

திறந்து செய்தால் உறுதி என்ற உங்கள் வீட்டுக்காரரின் எண்ணத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து எலும்பை எலும்போடு வைப்பது அதில்தான் முழுமையாக நடக்கிறது. ஆனால் விலை அதிகம். 2013-இல் 263 பேரை வைத்து ஒரு ஒப்பீடு வந்தது: திறந்த அறுவைக்குச் சராசரி 163 நிமிடம், சிறு துளை அறுவைக்கு 70. ரத்தம் 288 மில்லி, இதில் 33. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள், இதில் ஒன்றேகால் நாள். சிறு துளைக் கம்பி செய்கிற கம்பெனியோடு தொடர்புள்ள ஆய்வுதான், அதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் பெரியது. வயிற்றுப் பக்கமாக, முன்னாலிருந்து போகிற திறந்த வழியும் உண்டு. மூட்டு நன்றாகத் தெரியும், ஆனால் எல்5 நரம்பு மூட்டுக்கு முன்னால் ஒட்டி ஓடுகிறது, பெரிய ரத்தக் குழாய்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. இன்றைக்கு நான் திறப்பது மூட்டில் சீழ் பிடித்தால், விபத்தில் இடுப்பு உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தால், அல்லது வேறு வழியில் செய்தது தோற்றுப்போனால். உங்களுக்கு இந்த மூன்றும் இல்லை. வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், சின்ன வெட்டு என்பதால் அரைகுறை ஆகிவிடாது.

பக்கவாட்டு வழியில் புட்டத்தின் பக்கத்தில் மூன்று சென்டிமீட்டர் வெட்டு. இடுப்பெலும்பைத் துளைத்து, மூட்டைக் குறுக்காகக் கடந்து, நடு எலும்புக்குள் (முன்னே சொன்ன முக்கோண எலும்பு) கம்பி போகிறது, சட்டத்தில் ஆணி அடிப்பது மாதிரி. உங்களிடம் ஒருவர் சொன்னது பெரும்பாலும் முக்கோண வடிவ டைட்டானியமாக இருக்கும். உருண்டைக் கம்பி தன் அச்சில் சுழலலாம், முக்கோணம் சுழலாது, அதற்காக அந்த வடிவம். அமெரிக்காவில் 2008-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், எலும்பு அதில் பற்றி வளரும். மூட்டைச் சுரண்டுவதில்லை, அசைவை முதலில் கம்பி நிறுத்துகிறது, எலும்பு பின்னால் மெல்ல வருகிறது. அடிக்கும்போது சுத்தியலின் சத்தத்தைக் காது கவனித்துக்கொண்டே இருக்கும். இடுப்பெலும்பின் வெளிச்சுவரில் ‘டங்’, உள்ளே பஞ்சு மாதிரியான எலும்பில் மந்தமாகி, உள்சுவரில் திரும்ப ‘டங்’, மூட்டைத் தாண்டி மூன்றாவது சுவரில் இன்னொரு தடவை. திரையில் மூன்று கோணத்தில் படம் பார்த்துத்தான் செய்கிறோம், ஆனாலும் இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த மூன்று சத்தத்தையும் எண்ணாமல் நான் நகர்வதில்லை.

எண்ணியும் தப்பு நடந்திருக்கிறது. என் கையில் அறுவை செய்துகொண்ட ஒரு பெண்மணி மயக்கம் தெளிந்ததும் புட்ட வலியைப் பற்றிப் பேசவே இல்லை, ‘கால் பின்பக்கம் நெருப்பு மாதிரி எரியுது சார்’ என்றார். அன்றைக்குச் சாயங்காலமே சிடி எடுத்தோம். இரண்டாவது கம்பியின் முனை எஸ்1 நரம்பு வெளியே வரும் ஓட்டையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. திரையில் எனக்குச் சரியாகத் தெரிந்த அதே கம்பி. அவருடைய நடு எலும்பின் மேல்பாகம் பிறவியிலேயே கொஞ்சம் சரிவாக இருந்தது, அதை நான் முன்கூட்டியே சிடியில் அளந்து வைத்திருக்க வேண்டும், அளக்கவில்லை. மறுநாள் காலையில் அதை எடுத்துவிட்டுக் குட்டையான கம்பி போட்டேன். எரிச்சல் போனது, பாதத்தின் ஓரத்தில் மரப்பு மட்டும் மாதக்கணக்கில் இருந்தது. நல்ல கைகளிலும் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு இது நடக்கும். அது தவிர, புட்டத்து ரத்தக்குழாய் அறுபட்டு ரத்தம் கட்டுவது, கம்பி தளர்வது இதெல்லாம் உண்டு.

பலன் எப்படி? இங்கேதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் உங்களிடம் இதை யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 148 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 102 பேருக்கு முக்கோணக் கம்பி, 46 பேருக்கு மருந்து, பிசியோ, ஊசி என்று பார்த்தார்கள். ஆறு மாதத்தில் கம்பி வைத்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் தேறினார்கள், மற்றவர்களில் நாலில் ஒருவர். ஐரோப்பாவில் 103 பேரை வைத்துச் செய்ததும் இதே பக்கம்தான் சாய்ந்தது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் பணம் கொடுத்தது கம்பி செய்கிற கம்பெனி, அதோடு யாருக்கு அறுவை நடந்தது, யாருக்கு நடக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே மருந்தும் பிசியோவும் பார்த்துச் சலித்து வந்தவரிடம் ‘உனக்குத் திரும்பவும் அதே பிசியோதான்’ என்றால் அவர் முகம் எப்படி இருக்கும்? வலியை எத்தனை மார்க் என்று அவர்தானே சொல்ல வேண்டும்.

அந்தச் சந்தேகத்தை நார்வேயிலும் சுவீடனிலும் நேருக்கு நேர் சோதித்தார்கள், முடிவு 2024-இல் வந்தது. 63 பேர். எல்லோருக்கும் மயக்கம் கொடுத்து, எல்லோருக்கும் தோலை வெட்டி, பாதிப் பேருக்கு மட்டும் உள்ளே கம்பி. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து, பத்துக்கு எத்தனை என்ற கணக்கில், கம்பி வைத்தவர்களுக்குச் சுமார் இரண்டரை குறைந்திருந்தது, தோலை மட்டும் வெட்டியவர்களுக்குச் சுமார் ஒன்றே முக்கால். நீங்கள் கணக்கு டீச்சர், அந்த வித்தியாசம் 63 பேரில் தற்செயலாகவே வரலாம் என்று சொன்னால் புரிந்துகொள்வீர்கள். கம்பியை ஆதரிக்கிறவர்கள், எண்ணிக்கை சிறிது, ஆறு மாதத்தில் எலும்பு முழுதாகப் பற்றியிருக்காது என்கிறார்கள், அதிலும் உண்மை இருக்கிறது. நான் இந்த அறுவையைச் செய்கிறவன், இன்னும் செய்கிறேன். ஆனால் அதைப் படித்த பிறகு ‘நூற்றில் எண்பது பேருக்குச் சரியாகிவிடும்’ என்று நோயாளியிடம் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஊசித் தாளைப் பற்றி இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதும் அதற்குப் பிறகுதான் அதிகமானது.

பின்பக்க வழி. இதில் இரண்டு விதம் இருக்கிறது, பேச்சில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். ஒன்று, பின்னாலிருந்து சரிவாகப் போய் மூட்டைக் கடக்கிற ஸ்க்ரூ. அதுவும் இரண்டு எலும்பையும் பிடித்துத் தைக்கிறது, ஏறக்குறைய பக்கவாட்டு வழியின் ஒன்றுவிட்ட சகோதரன், புட்டத்துத் தசையைப் பிளக்காமல் போகலாம் என்பது வசதி. உங்கள் வலி மருத்துவர் சொல்வது இன்னொன்று: இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள இடுக்கில், பதப்படுத்திய எலும்புத் துண்டு ஒன்றை ஆப்பு மாதிரி இறக்குவது. மூட்டைக் கடப்பதில்லை, பெரும்பாலும் பின்பக்கத் தசைநார்ப் பகுதியில் போய் உட்கார்கிறது. வெட்டு ரொம்பச் சின்னது, நரம்பு ஓட்டைகளுக்கும் பெரிய ரத்தக் குழாய்களுக்கும் நேராகப் பாய்கிற பாதை இல்லை, நேரமும் குறைவு. இதெல்லாம் நிஜமான நல்ல விஷயங்கள். ஆனால் கதவு ஆடாமல் இருக்க அடியில் அட்டையை மடித்துச் செருகுவதும், கதவைச் சட்டத்தோடு சேர்த்து ஆணி அடிப்பதும் ஒன்றாகுமா? ஆட்டம் குறையும், வலி குறையவும் செய்யலாம், ஆனால் அந்த ஆப்பைச் சுற்றி எலும்பு வளர்ந்து நிஜமாகவே இணைந்துவிட்டது என்று காட்ட, மற்ற முறையோடு குலுக்கல் போட்டு ஒப்பிட்ட, வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் வேண்டும். இப்போது கையில் இருப்பவை பெரும்பாலும் ஒரே கூட்டத்தை மட்டும் ஓரிரு வருடம் பார்த்தவை.

உங்கள் தம்பி சொல்வது பொய் இல்லை, அங்கே இது வேகமாகப் பரவியது, வலி மருத்துவர்களே செய்துவிடலாம் என்பது அதற்குப் பெரிய காரணம். அதே அமெரிக்காவில் 2024 ஜனவரியிலிருந்து, மூட்டைக் கடந்து பிடிப்பதற்கு ஒரு பில்லிங் எண், கடக்காமல் உள்ளே எலும்பு மட்டும் வைப்பதற்கு வேறு எண் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலை இல்லை என்று பில் போடுகிறவர்களுக்கே தெரிந்திருக்கிறது, தம்பியிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கு எது என்று கேட்டால், ஊசி இரண்டு தடவையும் முக்கால்வாசி வலியை எடுத்து, சூட்டு முறையில் கிடைத்த நிவாரணமும் நீடிக்காமல் போனால், மூட்டைக் கடந்து பிடிக்கிற வழியைத்தான் சொல்வேன், பக்கவாட்டிலிருந்து மூன்று கம்பி. காரணம் உங்கள் பழைய ஸ்க்ரூக்கள். மேலே இரண்டு கணு இறுகிப்போன முதுகு இந்த மூட்டை ஒவ்வொரு அடியிலும் நெம்பிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு நெம்பலை ஒரு எலும்பு ஆப்பு வருடக்கணக்கில் தாங்கும் என்று நம்ப எனக்கு ஆதாரம் போதவில்லை. அதே சமயம், எஸ்1-இல் ஏற்கெனவே ஸ்க்ரூ உட்கார்ந்திருப்பதால் மேல் கம்பிக்கு இடம் நெருக்கடி, அதனால் அறுவைக்கு முன்னால் சிடியில் ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் பாதையையும் அளந்து வரைந்து காட்டச் சொல்லுங்கள். ‘தியேட்டரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் வேறு இடம் பாருங்கள். வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், கடைசியாக ஒன்றைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது எப்போது என்றும் கேளுங்கள். கோபப்படாத டாக்டர் பதில் சொல்வார். மாதவிடாய் நிற்கிற வயது நெருங்குவதால் எலும்பு அடர்த்தி, விட்டமின் டி, மூன்று மாதச் சர்க்கரை இந்த மூன்று அளவும் கையில் இருக்கட்டும். பஞ்சு எலும்பில் கம்பி பிடிக்காது, அந்த மூன்று மாதச் சர்க்கரை எட்டுக்கு மேல் என்றால் நானே தேதி கொடுக்க மாட்டேன். எலும்புத் துண்டு வழியையே நீங்கள் தேர்ந்தெடுத்தால், அது எந்த எலும்பு வங்கியிலிருந்து வந்தது என்ற ஸ்டிக்கர் உங்கள் கோப்பில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அரசு ஊழியர் காப்பீட்டில் இது வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ச்சொல் போதாது.

ஊசி இரண்டாவது தடவை வேலை செய்யவில்லை என்றால்? அப்போது மூன்று வழியும் இல்லை. திரும்ப முதலிலிருந்து தேட வேண்டும், சலிப்பாகத்தான் இருக்கும்.

ஸ்கூட்டி. பக்கவாட்டு வழியில் செய்தால் மூன்றிலிருந்து ஆறு வாரம் வாக்கரோ ஊன்றுகோலோ பிடித்து வலது காலில் பாதி பாரம்தான் வைக்கச் சொல்வேன், முதல் நாளிலேயே முழுப் பாரம் வைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வகுப்பறையில் ஒரு உயரமான ஸ்டூல் போட்டுக்கொண்டு ஆறேழு வாரத்தில் பள்ளிக்குப் போகலாம், சம்மணம் போட்டுத் தரையில் உட்காருவதை மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். ஸ்கூட்டியும் மூன்று மாதம் கழித்துத்தான், அதுவரை பஸ்ஸோ வீட்டுக்காரரோ. ஓட்டுவதில் பெரிய பிரச்சினை இல்லை, நிறுத்துவதில்தான் இருக்கிறது. நம் ஆட்கள் எல்லோரும் வலது காலால் சென்டர் ஸ்டாண்டை ஏறி மிதித்து, ஒரு எக்கு எக்கி வண்டியைப் பின்னால் தூக்குவோம். ஒற்றைக் காலில் முழு பாரமும் இறங்கி இடுப்பு முறுக்குகிற அந்த ஒரு நொடி, உங்கள் மூட்டுக்கு மாடிப்படியை விட மோசம். அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும், நாளைக்குக் காலையிலிருந்தே சைடு ஸ்டாண்டு போடுங்கள். இரண்டு வாரம் கழித்து வலி பத்துக்கு எத்தனை என்று அதே தாளின் மேலேயே ஒரு வரி எழுதி வையுங்கள்.